அறியாமையும் அறமும்: குறைமாதக் குழந்தையின் மூச்சை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல் நற்செயலாகிவிடுமா என்னும் வினா ஒழுக்கவியலில் மிகப் பழையது. மெய்யியல் வகுப்புகளில் இதனை விளக்குதற்குக் காட்டப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் கற்பனையானவை. மூழ்கும் தோணியில் யாரைக் காப்பது, ஒளித்திருக்கும் நண்பனைத் தேடிவரும் கொலைஞனுக்கு உண்மை சொல்லலாமா என்றவாறு அவை அமையும். அவ்வுதாரணங்களில் ஒரு பெருங்குறை உண்டு. எவ்வழியிற் சென்றால் என்ன நேரும் என்பது அவற்றிலே முன்கூட்டியே தரப்பட்டுவிடுகின்றது. தெரிவு செய்வதொன்றே எஞ்சியிருக்கின்றது. மனிதர் உண்மையிலே தடுமாறும் இடங்களோ பெரும்பாலும் விளைவு தெரியாத இடங்களாகும். தெரியாதபோது செயற்படுவதற்கும் ஓர் அறம் உண்டா? தனக்குத் தெரியாது என்பதையே உணராது செயற்பட்டவன் குற்றவாளியா? அறிந்துகொள்ளும் பொருட்டு, வாய் பேச இயலாத ஓர் உயிரைப் பரிசோதனைக்கு உட்படுத்தலாமா? கற்பனை உதாரணங்களை விடுத்து, மருத்துவ வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றினூடாக இவ்வினாக்களை அணுகுவது பயன் தரும். குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளுக்கு ஒட்சிசன் வழங்கிய கதையே அது.

1942 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த கண் வைத்தியர் தியடோர் டெரி, குறைமாதக் குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெண்சாம்பல் நிறத் திசு படர்ந்து பார்வை அழிவதை விவரித்தார். அதற்கு முன்னர் வைத்திய நூல்களில் இடம்பெறாத நோய் அது. அடுத்த பத்தாண்டுக் காலத்தில் உலகின் பல நாடுகளிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகள் அந்நோயினாற் பார்வை இழந்தனர். நோய் வறுமையைத் தொடர்ந்து செல்லவில்லை. வசதி மிகுந்த, புதிய கருவிகள் நிறைந்த வைத்தியசாலைகளிலேயே அது மிகுந்து காணப்பட்டது. விற்றமின் குறைவு, இரும்புச் சத்து, ஒளி என்று பல காரணங்கள் ஐயுறப்பட்டன. 1951 இல் அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரக் குழந்தை வைத்தியர் கேற் கம்பெல், ஒட்சிசன் தாராளமாக வழங்கப்பட்ட குழந்தைக் காப்பகத்தில் நோய் மிகுந்தும், சிக்கனமாக வழங்கப்பட்ட இடங்களிற் குறைந்தும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூச்சைக் கொடுத்தவர்களே அதன் கண்ணை எடுத்தவர்களுமாயினர் என்பது மெல்ல மெல்லப் புலப்படலாயிற்று.

ஐயம் எழுந்தபின் அதனைத் தீர்த்துக்கொள்ளல் எளிதாயிருக்கவில்லை. வாஷிங்ரன் நகரின் கலிஞ்சர் வைத்தியசாலையில் ஆர்னல் பற்ஸ் என்னும் இளம் கண் வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனையைத் தொடங்கினர். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வழக்கம்போல் மிகுந்த ஒட்சிசனும், மறு பகுதியினருக்குத் தேவைக்கேற்பக் குறைந்த ஒட்சிசனும் வழங்குவது அவர்களது திட்டம். இரவுப் பணியிலிருந்த தாதியருட் சிலர், குறைந்த ஒட்சிசன் பெறும் குழந்தைகள் மூச்சின்றி இறந்துவிடும் என்று அஞ்சி, யாரும் அறியாமல் ஒட்சிசனைத் திறந்துவிட்டனர் என்பது பின்னர் வெளிப்பட்டது.

இத்தாதியரின் செயல் சிறிது தரித்து நோக்கற்பாலது. கண்முன்னே நீலம் பாரித்துக் கிடக்கும் சின்னஞ்சிறு உயிரைக் கண்டு இரங்கிய அவர்களைக் கொடியோர் என்று யார் கூறுவர்? இரக்கமே அறத்தின் வேர் எனின், அன்றிரவு அவ்வறையில் அறம் குறைவின்றி இருந்தது. ஆயினும் அந்த இரக்கம் தனக்குத் தெரியும் என்று கருதியதொன்று, உண்மையில் யாருக்கும் தெரியாததொன்று. ஒட்சிசன் நன்மை செய்யும் என்ற நம்பிக்கை அத்தாதியருக்கு மட்டும் உரியதன்று. அந்த யுகத்தின் வைத்தியம் முழுவதற்கும் உரியது. அவர்களது இரக்கத்துக்குக் குறை கூற இயலாது. அவர்களது உறுதிப்பாட்டுக்கே குறை கூற இயலும்.

இவ்வுறுதிப்பாடு கற்றோரையும் எவ்வாறு மயக்கும் என்பதற்கு நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் சில்வர்மன் தம் அனுபவத்தையே சான்றாகத் தந்துள்ளார். அதிரீனற் சுரப்பியைத் தூண்டும் ஓமோனை இந்நோயுற்ற 31 குழந்தைகளுக்கு அவர் வழங்கினார். 25 குழந்தைகளின் பார்வை பழுதின்றித் தப்பியது. அதே காலத்தில் அம்மருந்து வழங்கப்படாத வேறொரு வைத்தியசாலையிலே ஏழு குழந்தைகளுள் ஆறு பார்வை இழந்தன. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ என்று எவரும் கேட்பர். எனினும் அவரும் சகாக்களும் சீட்டுக் குலுக்கும் முறையிற் குழந்தைகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டபோது, மருந்து பெற்ற பிரிவிலேயே பார்வை இழப்பும் இறப்பும் கூடுதலாயிருந்தன. தொடக்க நிலையிலுள்ள நோய் பெரும்பாலான குழந்தைகளில் மருந்தின்றியே தணிந்துவிடும் என்ற செய்தி அப்போது அறியப்படவில்லை. இயற்கை செய்த நன்மையை மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தனர். சில்வர்மன் தம் வாழ்நாள் முழுவதும் வைத்தியரின் தன்னம்பிக்கையையே வைத்தியத்தின் பெரும் பகையாகக் கருதியமைக்கு இதுவே தொடக்கம் எனலாம். 1980 இல் அவர் இந்நோயின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதி, அதனைத் தற்காலத்துக்கான நீதிக்கதை என்று அழைத்தார்.

1953 இலும் 1954 இலும் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் கூடி நடத்திய பெரும் பரிசோதனை, மிகை ஒட்சிசனே குற்றவாளி என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. அதன்பின் ஒட்சிசன் நாற்பது வீதத்துக்கு மேற்படலாகாது என்பது பல இடங்களிலும் விதியாயிற்று. கண்நோயும் விரைந்து குறைந்தது. கதை இவ்விடத்தில் முடிந்திருக்குமாயின், அறிவியல் அறியாமையை வென்ற கதையென மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அப்பரிசோதனையிற் சேர்க்கப்பட்டவை, பிறந்து 48 மணித்தியாலங்கள் உயிர் தப்பிய குழந்தைகள் மட்டுமே. குறைமாதக் குழந்தைகள் மிகுதியாக இறப்பது அந்த 48 மணித்தியாலங்களுக்குள்ளேயே. அந்நேரத்தில் ஒட்சிசனைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேளாத வினாவுக்கு விடையும் கிடைக்கவில்லை. 1973 இல் இங்கிலாந்தின் கென்னத் குறொஸ், முதல் நாளில் நிகழும் சிசு மரணங்களின் புள்ளிவிபரங்களை ஆராய்ந்து, பார்வை காக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஈடாக ஏறத்தாழப் பதினாறு குழந்தைகள் ஒட்சிசன் போதாமல் இறந்திருக்கலாம் என மதிப்பிட்டார். இது மதிப்பீடே, எண்ணிப் பார்த்த தொகை அன்று. ஆயினும் அதன் பாதியைக் கொண்டாலும் மனம் பதறும். பார்வை இழந்த குழந்தை வளர்ந்து, பள்ளி சென்று, சமூகத்தின் கண்முன் நடமாடுகின்றது. முதல் நாளில் இறந்த குழந்தைக்கு ஒரு பெயர்கூட இருப்பதில்லை. காணப்படும் தீங்குக்கு அஞ்சி, காணப்படாத தீங்கைச் செய்தல் நல்லோரிடத்தும் நிகழக்கூடிய தவறாகும்.

ஒரே பொருள் ஓர் உறுப்புக்கு உணவாகவும் இன்னோர் உறுப்புக்கு நஞ்சாகவும் அமைவது எங்ஙனம்? கடந்த சில தசாப்தங்களில் இதற்கு ஓரளவு விளக்கம் கிடைத்துள்ளது. அவ்விளக்கம் உயிரியலுக்கு உரியதேயெனினும், ஒழுக்கவியல் மாணவரும் அறிந்திருக்க வேண்டியதாகும். கருப்பையினுள் ஒட்சிசன் மிகக் குறைவு. அக்குறைவே சிசுவின் கலங்களைத் தூண்டி, குருதிக்கலன் வளர்ச்சிக் காரணி எனப்படும் புரதத்தைச் சுரக்கச் செய்கின்றது. அப்புரதம் செல்லும் வழியே நுண்ணிய குருதிக்கலன்கள் தளிர்த்துப் பரவுகின்றன. இருபத்தைந்து, இருபத்தாறு கிழமைகளிற் பிறந்துவிட்ட குழந்தைக்கு, சாதாரண வளியேகூட அது பழகிய நிலையினும் மிகுந்த ஒட்சிசனாகும். இயந்திரத்தின் மூலம் இன்னும் கூட்டிக் கொடுக்கும்போது, காரணியின் சுரப்பு வீழ்ச்சியடைகின்றது. குருதிக்கலன்கள் வளராது நின்றுவிடுகின்றன. விழித்திரையிலே இது முதற்கட்டம். சில கிழமைகள் சென்றபின், கலன் எட்டாத விழித்திரை வளர்ந்து ஒட்சிசனுக்கு ஏங்கும்போது, அதே காரணி அளவுமீறிச் சுரக்கின்றது. அப்போது கலன்கள் காட்டுக்கொடிபோல் முறையின்றிப் படர்ந்து, ஈற்றில் விழித்திரையையே பிடுங்கிவிடுகின்றன.

நுரையீரலின் கதை வேறு. 1967 இல் நோத்வேயும் சகாக்களும், இயந்திரச் சுவாசமும் மிகை ஒட்சிசனும் பெற்ற குழந்தைகளின் நுரையீரல் வடுப்பட்டுச் சிதைவதை முதன்முதலில் விவரித்தனர். நுரையீரலின் சிற்றறைகள் உருவாகும்போது குருதிக்கலன்கள் அவற்றைப் பின்தொடர்ந்து செல்கின்றன என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. இன்றைய ஆய்வுகள் அவ்வெண்ணத்தை மாற்றியுள்ளன. எலிக் குஞ்சுகளிற் குருதிக்கலன் வளர்ச்சியைத் தடுத்தபோது, சிற்றறைகளும் உருவாகாது போயின. இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அவ்வளர்ச்சிக் காரணி குறைந்திருந்தமையும் கண்டறியப்பட்டது. கலன் குன்றினால் அறை குன்றும். அறை குன்றினால் மூச்சுக் குன்றும். எஞ்சிய சில கலன்களினூடாக முழுக் குருதியையும் தள்ள வேண்டியிருப்பதால் நுரையீரற் குருதியமுக்கம் ஏறுகின்றது. இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகின்றது. அவ்வாறாயின் காரணியை ஊட்டிவிட்டாற் போதாதோ என்று கேட்கலாம். விலங்குகளின் நுரையீரலில் அதனை மிகையாக்கியபோது, கலன்கள் கசிந்து குருதி பெருகியது. மிகினும் நோய், குறையினும் நோய் என்று திருவள்ளுவர் வளி முதலியவற்றைப் பற்றிக் கூறியதை இங்கு நினைவுகூராதிருத்தல் அரிது.

இந்த அறிவு வைத்தியரின் சங்கடத்தைக் குறைக்கவில்லை, கூர்மையாக்கிவிட்டது. புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட பெவாசிசுமாப் என்னும் மருந்து அவ்வளர்ச்சிக் காரணியைப் பற்றிப்பிடித்துச் செயலிழக்கச் செய்வது. அதனைக் கண்ணுள் ஏற்றினால் கடுமையான நோயிலும் பார்வையைக் காக்கலாம் என்பதை 2011 இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. ஆனால் கண்ணிலிட்ட மருந்து கண்ணோடு நிற்பதில்லை. அது குருதியிற் கலந்து பல கிழமைகள் தங்குகின்றது. அங்குள்ள காரணியின் அளவையும் குறைக்கின்றது. அதே கிழமைகளில் அதே குழந்தையின் நுரையீரல் அக்காரணியை வேண்டிக் காத்திருக்கின்றது. கண்ணுக்காகச் செய்யும் உதவி மூச்சிலிருந்து எடுக்கப்படும் கடனாக முடியுமோ என்னும் அச்சம் வைத்தியரிடையே இன்றும் நீங்கவில்லை. உடலை உறுப்புகளின் தொகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு நிபுணரை நியமித்துவிட்ட காலத்தில், முழுக் குழந்தைக்கு நல்லது எது என்று கேட்பவர் யார் என்னும் வினா இவ்விடத்திலே எழுகின்றது.

இத்தகைய நிலையில் அறிந்துகொள்வதற்கு ஒரே வழி, குழந்தைகளைச் சீட்டின்படி இரு பிரிவாக்கி ஒப்பிடுதலே. இங்குதான் மெய்யியலாளர் குறுக்கிடுகின்றனர். 1947 இல் நூரெம்பேர்க் தீர்ப்போடு வெளியான விதிகள், பரிசோதனைக்கு உட்படுபவரின் சுயேச்சையான சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்றன. சிசுவுக்குச் சம்மதம் ஏது? அமெரிக்க இறையியல் அறிஞர் போல் ராம்சி 1970 இல் வெளியிட்ட நூலில், குழந்தையின் சொந்த நன்மைக்கென அமையாத எப்பரிசோதனையிலும் அதனைச் சேர்த்தல் தகாது, பெற்றோருக்கும் அவ்வதிகாரம் இல்லை என வாதிட்டார். மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளாதே என்னும் கான்றின் கட்டளையே அவ்வாதத்தின் முதுகெலும்பு. கத்தோலிக்க அறிஞர் றிச்சார்ட் மக்கோர்மிக் 1974 இல் இதனை மறுத்தார். மனித இனத்தின் பொது நன்மைக்குச் சிறிதளவு உதவுதல் யாவர்க்கும் கடமையாதலின், குழந்தை பேச வல்லதாயின் சம்மதித்திருக்கும், சம்மதித்திருக்கவும் வேண்டும் என்று கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

இருவரது வாதமும் ஒன்றைக் கவனியாது விடுகின்றது. சீட்டுக் குலுக்குதல் பரிசோதனை எனவும், குலுக்காது தம் வழக்கப்படி செய்தல் சிகிச்சை எனவும் இருவரும் பிரித்துக்கொள்கின்றனர். 1940 களில் ஒட்சிசனைத் தாராளமாக வழங்கிய வைத்தியர் எவரும் தாம் பரிசோதனை செய்வதாகக் கருதவில்லை. 1950 களில் அதனை நிறுத்திய வைத்தியரும் அவ்வாறே. உண்மையில் அவை இரண்டும் கட்டுப்பாடற்ற, கணக்கெடாத, யாரிடமும் அனுமதி பெறாத மாபெரும் பரிசோதனைகளே. ராம்சியின் விதியைப் பின்பற்றிப் பரிசோதனையைத் தவிர்த்திருந்தால், குழந்தை கருவியாகாமற் காக்கப்பட்டிருக்காது. பயன்படாத கருவியாகியிருக்கும், அவ்வளவே வேறுபாடு. 1987 இல் பெஞ்சமின் ஃபிறீட்மன் முன்வைத்த கருத்து இச்சிக்கலுக்கு ஓரளவு பொருந்துகின்றது. எவ்வழி சிறந்தது என்பதில் வைத்தியத் துறையினரிடையே நேர்மையான கருத்து வேற்றுமை நிலவும்வரை சீட்டு அநீதியாகாது என்பது அவர் கூற்று. அன்று இரவில் ஒட்சிசனைத் திறந்துவிட்ட தாதி தன்னளவில் உறுதியோடிருந்தாள். ஆனால் ஒருவரின் உறுதி, துறையின் அறிவாகிவிடாது.

சீட்டு அநீதியன்று என ஒப்புக்கொண்டபின்னும் வேறொரு கடன் எஞ்சுகின்றது. 2005 முதல் 2009 வரை அமெரிக்காவில் 1316 குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. 24 முதல் 27 கிழமைகளிற் பிறந்த அக்குழந்தைகளுள் ஒரு பகுதியினரின் குருதியில் ஒட்சிசன் நிரம்பல் 85 முதல் 89 வீதமாகவும், மறு பகுதியினருக்கு 91 முதல் 95 வீதமாகவும் இருக்குமாறு முயலப்பட்டது. இரண்டும் அந்நாளில் வழக்கிலிருந்த எல்லைக்குள் அடங்கியவையே. 2010 இல் முடிவுகள் வெளியாயின. குறைந்த ஒட்சிசன் பெற்றோருள் உயிர் தப்பியவர்களிடையே கடும் கண்நோய் 8.6 வீதம், கூடிய பிரிவில் 17.9 வீதம். இறப்போ குறைந்த பிரிவில் 19.9 வீதம், கூடிய பிரிவில் 16.2 வீதம். குறொஸ் 1973 இல் எழுப்பிய அச்சம், முதல் நாளைக் குறித்தன்றாயினும், வேறொரு வடிவில் உண்மையாயிற்று.

2013 இல் அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம், பெற்றோருக்குத் தரப்பட்ட சம்மதப் பத்திரங்களில் பார்வையிழப்பு, இறப்பு ஆகிய அபாயங்கள் தக்கவாறு கூறப்படவில்லை எனக் கண்டித்தது. ஆய்வாளர் பக்கத்தில் நின்றோர், இரு பிரிவும் வழக்கமான சிகிச்சைக்குள் அடங்குவதால் புதிய அபாயம் எதுவும் இல்லை என்று வாதிட்டனர். பரிசோதனையின் தேவையை ஏற்பவரும் இவ்வாதத்தை ஏற்கத் தயங்குவர். வழக்கமான எல்லையின் எப்பகுதியில் வைப்பது என்பதாற் குழந்தையின் உயிரும் கண்ணும் வேறுபடக்கூடும் என்ற ஐயமே அப்பரிசோதனையின் காரணம். அந்த ஐயம் ஆய்வுக் குழுவுக்குச் சொல்லத்தக்கதாயின், தாய்க்கும் சொல்லத்தக்கதே. அறியாமை குற்றமன்று, ஆனால் அதனை ஒருவர் தமக்குள் ஒப்புக்கொண்டு, பாதிக்கப்படுபவரிடம் மறைப்பாராயின், அது பழைய தன்னம்பிக்கையினும் கீழானது. அன்றைய தாதி தன்னையும் ஏமாற்றிக்கொண்டாள். இவ்வாறு மறைப்பவர் மற்றவரை மட்டுமே ஏமாற்றுகின்றார்.

பிரசவ வேதனையின் நடுவே, கலங்கிய மனத்தோடிருக்கும் தாயிடம் இதனையெல்லாம் எவ்வாறு கூறுவது என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. பத்துப் பக்கப் பத்திரத்தைக் கையில் திணித்து ஒப்பம் பெறுவது அதற்கு விடையாகாது. “எது நல்லதென்று எங்களுக்குத் தெரியவில்லை, அம்மா, அதனாலேதான் கேட்கின்றோம்” என்னும் ஒரு வாக்கியம் அப்பத்திரத்தினும் கூடிய உண்மையைக் கொண்டிருக்கும். வைத்தியர் பலருக்கு நாவில் வர மறுக்கும் வாக்கியமும் அதுவே.

அதனையொத்த ஐந்து பரிசோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ ஐயாயிரம் குழந்தைகளை உள்ளடக்கிய கணிப்பு 2018 இல் வெளியாயிற்று. அதுவும் அதே திசையையே காட்டியது: கூடிய ஒட்சிசன் இறப்பைக் குறைத்தது; சிகிச்சை வேண்டிய கண்நோயைக் கூட்டியது. பல நாடுகளின் குழந்தைக் காப்பகங்கள் கூடிய எல்லையையே தெரிந்துகொண்டன. ஒரு கண்ணுக்கு எத்தனை உயிர் என்னும் வினாவுக்கு, யாரும் வெளிப்படையாக விடை கூறாமலே, விடை நடைமுறையாகிவிட்டது. இதற்கிடையில் சுவீடன் நாட்டவர் முன்னின்று, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியைக் குழந்தைகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். கண்நோயைத் தடுக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கிய அப்பரிசோதனையின் முடிவு 2019 இல் வெளியானது. கண்நோய் குறையவில்லை, எதிர்பாராத வகையிற் கடும் நுரையீரல் நோயே குறைந்திருந்தது. முதன்மையாகக் கேட்ட வினாவுக்கு இல்லை என்றும், பக்கத்திற் கேட்ட வினாவுக்கு ஆம் என்றும் இயற்கை விடையளித்தது.

மக்கோர்மிக் கற்பனை செய்த சம்மதம் இனிமேற் கற்பனையாகவே இருக்க வேண்டியதில்லை. 2005 இற்கும் 2009 இற்கும் இடையிற் பிறந்து, சீட்டின்படி ஒட்சிசன் பெற்று, உயிர் தப்பிய அக்குழந்தைகள் இப்போது பல்கலைக்கழகம் புகும் வயதை எட்டியுள்ளனர். சிலருக்குக் கண்ணாடி, சிலருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சிலருக்கு ஒரு குறையும் இல்லை. நீர் பேச வல்லவராயிருந்திருப்பின் சம்மதித்திருப்பீரா என்று அவர்களையே கேட்கலாம்.